கண்டேன் என்று எழுதுவதற்கு முன்

போர்ட்லண்டுக்குத் தெற்கே ஒரு பூங்கா. ஓடையின் மேல் சின்னதாக ஒரு மரப்பாலம். அதன் அடியில் நானும் பேரனும் 40 நிமிடம் தேடினோம். கைபேசியில் தெரிந்த புள்ளி நாங்கள் நின்ற இடத்தைத்தான் காட்டியது. டப்பா மட்டும் இல்லை.

"தாத்தா, இன்னும் ரெண்டு கிடைச்சா நூறு" என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். 98-ல் நின்றிருந்தது அவன் கணக்கு. முகம் வாடிப்போனதைப் பார்த்து, கூட வந்திருந்த அவன் நண்பனின் அப்பா காருக்குப் போய் ஒரு பழைய ஃபிலிம் டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே ஒரு துண்டுத் தாள். "இதையே இங்க வெச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுடலாம் அங்கிள். எல்லாரும் செய்யறதுதான்" என்றார். நல்ல மனிதர். பிள்ளை ஏமாந்துபோகக் கூடாதே என்ற எண்ணம். நான் வேண்டாம் என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அன்று இரவு மகன் அதைப் பற்றிக் கேட்டான்.

நான் 34 வருடம் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். செயின்மேன் சங்கிலி பிடிக்க, தலையாரி வழிகாட்ட, புல வரைபடத்தோடு வயல் வயலாக நடந்தவன். வரைபடத்தில் கல் இருக்கும், தரையில் இருக்காது. உழவில் பெயர்ந்திருக்கும், இல்லாவிட்டால் யார் வீட்டிலோ துணி துவைக்கும் கல்லாகியிருக்கும். அப்போது நில அளவர் எழுத வேண்டியது இரண்டே சொல்: கல் காணவில்லை. பிறகு பக்கத்துக் கற்களிலிருந்து அளந்து, இரு தரப்புக்கும் தகவல் கொடுத்து, அவர்கள் முன்னிலையில்தான் புதுக் கல் நட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் வந்தவர் அளக்காமலே, குத்துமதிப்பாக ஒரு கல்லை ஊன்றிவிட்டு, 'கல் உள்ளது' என்று எழுதியிருந்தார். அந்தக் கல்லை நம்பி அண்ணன் வேலி போட்டான், தம்பி வழக்குப் போட்டான். 11 வருடம் நடந்தது. அவர்களுடைய அம்மா அந்த வரப்பில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஃபிலிம் டப்பாவைப் பார்த்ததும் அந்தக் கல்தான் என் கண்ணில் வந்து நின்றது.

அன்றிலிருந்து இந்த விளையாட்டு எங்கே தொடங்கியது, எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று தேடிப் படித்தேன்.

ஜியோகேச்சிங் என்பது இதுதான். ஒருவர் ஒரு டப்பாவை வெளியிடத்தில் ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு போய்த் தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே உள்ள தாளில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, இணையத்தில் 'கண்டேன்' என்று பதிவார்கள். அந்த எண்ணிக்கை அவரவர் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். ஆக, ஒரே சம்பவத்துக்கு இரண்டு பதிவுகள். ஒன்று டப்பாவுக்குள் ஈரமும் மண்ணும் படிந்த தாளில். இன்னொன்று திரையில்.

இவற்றில் தாள்தான் மூத்தது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்மூர் என்று ஒரு பெரிய பொட்டல்வெளி, சதுப்பும் பாறையுமாகக் கிடக்கிறது. 1854-ல் சாக்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட், அதன் உள்ளே கிரான்மியர் பூல் என்ற எட்டாத இடத்தில் ஒரு கண்ணாடிச் சாடியை வைத்தார். அதுவரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். பிறகு தகரப் பெட்டி வந்தது. 1905-ல் வருகைப் புத்தகம் வந்தது. சிலர் தங்கள் முகவரி எழுதிய அஞ்சலட்டையைப் பெட்டியில் விட்டுவருவார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பார். லெட்டர்பாக்ஸிங் என்ற பெயர் அப்படி வந்தது. அந்த அட்டை வீடு வந்து சேர்ந்துவிட்டால், வைத்தவர், எடுத்தவர் என்று இரண்டு பேர் அங்கே போனதற்கு அதுவே சாட்சி. பிற்காலத்தில் ரப்பர் முத்திரை சேர்ந்துகொண்டது. பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொண்டு, தன் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் குத்திவிட்டு வர வேண்டும். 100 பெட்டிகளைக் கண்டவர்களுக்கு '100 கிளப்' என்ற சங்கமும் உண்டு. எண்ணும் ஆசை அங்கேயும் இருந்தது. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு முத்திரை இருந்தது.

முத்திரையும் பெட்டியும் இல்லாத எண்ணிக்கை என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்து மலைகள் இருக்கின்றன. 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை ஹியூ மன்றோ 1891-ல் பட்டியலிட்டார். பாதிரியார் ஏ. இ. ராபர்ட்சன் 1901-ல் அத்தனையும் ஏறி முடித்த முதல் ஆள் என்று பெயர் பெற்றார். பல பத்தாண்டுகள் கழித்து அவருடைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தவர்கள், பென் வைவிஸ் என்ற மலையின் உச்சிவரை அவர் போனதற்குத் தெளிவான பதிவு இல்லை என்றார்கள். நூற்றுக்கணக்கான மலைகளில் ஒன்று. அந்த ஒன்றுக்காக இன்றும் வாதம் நடக்கிறது. பட்டியல் போட்ட மன்றோவோ அதை முடிக்காமலே 1919-ல் காலமானார். முடித்துவிட்டேன் என்று அவர் ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இனி அமெரிக்கா. ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. சாதாரண மக்களின் கருவி 100 மீட்டர் வரை தவறு காட்டும். 2000 மே 1 அன்று அதிபர் கிளிண்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்துவதாக அறிவித்தார். அன்றைய நள்ளிரவோடு கருவிகள் 10, 20 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லத் தொடங்கின. சங்கிலி இழுத்தே கைகாய்த்துப்போன என் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்லி மாளாது.

மே 3-ஆம் தேதி டேவ் அல்மர் என்பவர், ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் பக்கம் காட்டோரமாக ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். வரைபட மென்பொருள், வீடியோ நாடா, புத்தகங்கள், கொஞ்சம் பணம், ஓர் உண்டிவில், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் அதில் இருந்தன. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கூட. இடத்தின் அளவுகளை இணையக் குழு ஒன்றில் எழுதி, எதையாவது எடுத்தால் எதையாவது வையுங்கள், நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள் என்றார். மூன்று நாளைக்குள் இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டார்கள். முதலில் போனவர் மைக் டீக். இத்தகைய வாளிகளையும் டப்பாக்களையும் தொகுத்து அவர்தான் முதலில் பட்டியல் வைத்தார். மே மாதம் முடிவதற்குள் மேட் ஸ்டம் என்பவர் இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர் சூட்டினார். செப்டம்பர் 2-ஆம் தேதி ஜெரமி ஐரிஷ் தன் தளத்தைத் திறந்தபோது உலகம் முழுவதும் இருந்தவை 75.

அந்த வாளி இருந்த இடத்துக்கு மகன் என்னைக் கூட்டிப்போனான். இப்போது வாளி இல்லை. 2003-ல் பதித்த நினைவுப் பலகை சாலையோரத்தில் இருக்கிறது. மழை தூறிக்கொண்டிருந்தது. பேனாவை விட்டு அல்மர் ஏன் பென்சில் வைத்தார் என்று பேரன் கேட்டான். பென்சில் எழுத்து நனைந்தாலும் கரையாது என்றேன். நாங்களும் வயலில் பென்சிலால்தான் குறிப்போம்.

75 டப்பாக்கள் இருந்த காலத்தில் எண்ணிக்கைக்குப் பெரிய பொருள் இருந்திருக்க முடியாது. 2010-ல் டப்பாக்கள் 10 லட்சத்தைத் தாண்டின. 2013-ல் 20 லட்சம். பெயர் பக்கத்தில் நிற்கும் எண் அதற்குள் ஒருவகைப் பட்டம் ஆகிவிட்டது. கூடிப் பேசும் சந்திப்புகளில் ஒரு நாளைக்கு மட்டும் பூங்காவில் சில டப்பாக்களை வைப்பார்கள். அவற்றுக்குத் தளத்தில் தனிப் பக்கம் கிடையாது. ஆகவே அந்தச் சந்திப்புக்கு 'வந்திருந்தேன்' என்று டப்பாவுக்கு ஒன்றாகப் பல தடவை பதிந்தார்கள். ஒரே மனிதர் ஒரே கூட்டத்துக்கு எத்தனை தடவை வர முடியும்? டப்பாவே இல்லாத 'வெர்ச்சுவல்' வகை ஒன்றும் இருந்தது. ஒரு சிலையையோ கல்வெட்டையோ போய்ப் பார்த்து, அதைப் பற்றிய கேள்விக்கு வைத்தவரிடம் விடை சொல்ல வேண்டும். விடை இணையத்தில் கிடைத்தால் வீட்டை விட்டு நகராமலே 'கண்டேன்' என்று எழுதினார்கள் சிலர். அதற்கு நாற்காலிப் பதிவு என்றே பெயர் விழுந்தது. 2005-ல் புதிய வெர்ச்சுவல்களை நிறுத்தினார்கள். 2017-ல் தேர்ந்தெடுத்த 4,000 பேருக்கு மட்டும் மறுபடி அனுமதி கொடுத்தார்கள்.

நெவாடாவின் 375-ஆம் நெடுஞ்சாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாலைவனத்தின் நடுவே ஆள் அரவமற்ற சாலை. இரண்டு டப்பாக்களுக்கு நடுவில் குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. 2010-ல் அந்த அளவிலேயே சாலை நெடுக சுமார் 1,000 ஃபிலிம் டப்பாக்களை வைத்தார்கள். நான்கு பேர் ஒரு காரில் போவார்கள். ஒருவர் இறங்கி ஓடி, கையில் ஏற்கெனவே கையெழுத்திட்ட டப்பாவைப் போட்டுவிட்டு, அங்கிருந்ததை எடுத்துக்கொண்டு ஓடிவருவார். கார் அடுத்த இடத்துக்குப் போவதற்குள் இந்தத் தாளில் கையெழுத்து. அதை அங்கே போட்டுவிட்டு அங்குள்ளதை எடுப்பார். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் எண்ணிக்கை ஏறிவிடும். சில குழுக்கள் இரண்டு காராகப் பிரிந்து ஆளுக்குப் பாதிச் சாலையைப் பார்த்துவிட்டு முழுச் சாலையையும் எல்லோர் பெயரிலும் பதிந்தார்கள்.

நண்பர்கள் சேர்ந்து பாலைவனத்தில் ஒரு நாளைச் சந்தோஷமாகக் கழிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் டப்பாவை இடம் மாற்றிவிட்டால், 217-ஆம் டப்பாவில் நேற்றுவரை கையெழுத்துப் போட்டவர்களின் தாள் இன்றைக்கு 218-ல் கிடக்கும். நாளைக்கு 219-ல். எந்தத் தாளும் தன் இடத்துக்குச் சாட்சி சொல்லாது. கல்லும் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது, எந்தக் கல் எந்த வயலுடையது என்பது மட்டும் இல்லை என்றால் அந்த அளவைக்கு என்ன மதிப்பு?

"என் கணக்கு என்னோடது, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பூங்காவில் அந்த நண்பரும் இதைத்தான் கேட்டார். பரிசில்லை, பணமில்லை என்பது உண்மைதான். நஷ்டம் அடுத்து வருகிறவருக்கு. காணாமல்போன டப்பாவுக்கு ஒருவர் 'கண்டேன்' என்று எழுதிவிட்டால், வைத்தவர் அது பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை 60 மைல் காரோட்டி வந்து, குழந்தைகளோடு வெறும் பாலத்தடியைத் துழாவும். பதிலுக்கு ஒரு டப்பாவைப் போட்டுவிட்டுப் போனால் இன்னும் மோசம். அசல் டப்பா ஓர் அடி தள்ளிப் பொந்துக்குள் இருந்திருக்கலாம். ஒரே இடத்தில் இரண்டு டப்பா, இரண்டு தாள். யார் எதில் எழுதினார்கள் என்று வைத்தவருக்கே தெரியாமல் போகும். இதற்கு 'த்ரோடவுன்' என்று அவர்கள் மொழியில் பெயர் இருக்கிறது. எங்கள் ஊரில் குத்துமதிப்புக் கல் என்போம்.

இந்த விளையாட்டு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தாளில் பெயர் இல்லாவிட்டால் இணையப் பதிவை நீக்க வைத்தவருக்கு உரிமை உண்டு. பொய்யான பதிவுகளை நீக்குவது அவர் பொறுப்பு. எதிர்ப்பக்கத்திலும் ஒரு நியாயம் செய்தார்கள். டப்பாவைக் கண்டவர் விசேஷத் தொப்பி போட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பதுபோல் சிலர் நிபந்தனை வைத்திருந்தார்கள். 2009-ல் அதை எல்லாம் எடுத்துவிட்டார்கள். தாளில் கையெழுத்து இருந்தால் அது கண்டதுதான். அந்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது.

எண்ணிக்கைக்கு வேறு பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடைவாசலில் விளக்குக் கம்பத்தின் அடிமூடியைத் தூக்கினால் கிடைக்கிற டப்பாவும் ஒன்றுதான். 2008-ல் ரிச்சர்ட் கேரியட் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வைத்தாரே, அதுவும் ஒன்றுதான். திறமையையோ உழைப்பையோ அந்த எண் அளக்காது. இத்தனை இடத்தில் என் பெயர் என் கையால் எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அதையும் சொல்லாவிட்டால் அது வெறும் இலக்கம்.

பாலத்தடியிலிருந்து திரும்பிய இரவு பேரன் 'கிடைக்கவில்லை' என்று பதிந்தான். அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது, பலர் அதைத் தொடுவதில்லை. எண்ணிக்கையில் எதுவும் கூடாதே. எந்தப் பக்கம் தேடினோம், எவ்வளவு நேரம் தேடினோம், ஓடையில் புதுத்தண்ணீர் வந்த தடம் இருந்தது என்று நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினான். ஒன்பது நாள் கழித்து வைத்தவரிடமிருந்து பதில் வந்தது. போய்ப் பார்த்தாராம், வெள்ளம் கொண்டுபோயிருக்கிறது, இன்னும் உயரத்தில் புதிதாக ஒன்று வைத்திருக்கிறேன் என்று நன்றியோடு எழுதியிருந்தார். அடுத்த சனிக்கிழமை போனோம். கைவிட்டவுடன் கிடைத்தது. தாள் புதிது. முதல் வரியில் அவன் பெயர், அடுத்த வரியில் என் பெயர். என் பெயரைத் தமிழில் எழுதினேன்.

நான் ஊருக்குத் திரும்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இதுவரை என் பெயரில் கண்டவை 31, கிடைக்காதவை 7. ஏழையும் தேதியோடு பதிந்திருக்கிறேன்.