தொழுவத்தில் படித்த பாடம்

நம் கல்லூரியில் எந்த செட்டில் படித்தவரானாலும் சரி, வகுப்பில் நடத்திய பாதிப் பாடம் மறந்து போயிருக்கும். முதன்முதலாக மடியில் கை வைத்தபோது மாடு விட்ட உதை மட்டும் மறந்திருக்காது! அந்த உதையையும் பாடத்திட்டத்தில் சேர்க்க நம் நாட்டில் எத்தனை காலம் ஆயிற்று என்பது சுவையான வரலாறு.

1903 அக்டோபர் 1 அன்று சென்னை சைதாப்பேட்டையில், 'டாபின் ஹால்' என்ற சிறிய கட்டடத்தில், 20 மாணவர்களோடு கால்நடை மருத்துவப் படிப்பு தொடங்கியது. 1936-இல் அது பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயர்ந்தது. ஆனால் நோய் தீர்ப்பது வேறு, பால்பண்ணை நடத்துவது வேறு. பண்ணைத் தொழிலைக் கையால் செய்து பழக 1923-இல் பெங்களூரில் ஒரு மத்திய நிறுவனம் ஏற்பட்டது. தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலவித்து அதுதான். தலைமையகம் 1955-இல் கர்நாலுக்குப் போய்விட்டாலும், பெங்களூர் அதன் தென்மண்டல நிலையமாகத் தொடர்ந்தது.

அங்கே 1927-இல் சுமார் இரண்டு வாரம் பயிற்சி பெற வந்தவர் யார் தெரியுமா? காந்தியடிகள்! அப்போது அவருக்கு வயது 57. பார்வையாளர் புத்தகத்தில் தம்மை 'சபர்மதி விவசாயி' என்றே குறித்துக்கொண்டார். உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த நேரத்திலும் மாடு வளர்ப்பைக் கற்கப் போனார். 'இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்' என்று நினைக்கவில்லை.

கிண்டியில் இயந்திரப் பொறியியல் படித்த வர்கீஸ் குரியனும் அமெரிக்கா போகும் முன் அதே பெங்களூர் நிறுவனத்தில் பயிற்சி பெற்றவரே. அரசு உதவித்தொகையில் படித்ததால், ஒப்பந்தப்படி 1949 மே மாதம் ஆனந்த் நகருக்கு அனுப்பப்பட்டார். விருப்பமில்லாமல்தான் போனார். ஆனால் திரிபுவன்தாஸ் படேலின் கூட்டுறவுச் சங்கத்துக்கு இயந்திரம் பழுதுபார்க்க உதவப் போனவர், ஆயுள் முழுதும் அங்கேயே தங்கிவிட்டார். அவரை மாற்றியது பாடநூல் அல்ல, பால் ஊற்ற வந்த விவசாயிகள். 1979-இல் ஆனந்தில் ஊரக மேலாண்மை நிறுவனம் தோன்றியபோது, மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பதும் பாடத்தின் பகுதியானதில் வியப்பில்லை.

நம் படிப்புக்கு வருவோம். இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமத்தின் 1993-ஆம் ஆண்டு விதிகள் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கின. 2016 விதிகள் அதை ஓராண்டாக்கின. காலம் இரட்டிப்பானது சரி, கற்பதும் இரட்டிப்பானதா? 'லாக் புக்கில் கையெழுத்து விழுந்தா போதும்' என்ற பேச்சு எல்லா செட்டிலும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏனென்றால் இன்று பால்பண்ணைக்கு முன்னே நிற்கும் கேள்வி பெரிது. மாடு அசைபோடும்போது ஏப்பமாக வெளிவரும் மீத்தேன் பூமியைச் சூடாக்குகிறது. தண்ணீரும் மேய்ச்சல் நிலமும் சுருங்குகின்றன. 'நீடித்த பால்பண்ணை' என்றதும் ஏதோ புதிய இயந்திரம் என்று எண்ண வேண்டாம். ஒரு பசுவின் சினைப்பருவத்தைக் கவனிக்கத் தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாளெல்லாம் மாடு தீனி தின்னும், தண்ணீர் குடிக்கும், மீத்தேனும் விடும், ஆனால் அடுத்த ஈற்றுப் பால் அத்தனை நாள் தள்ளிப்போகும். விவசாயிக்கும் நஷ்டம், பூமிக்கும் நஷ்டம். விடியற்காலையில் 'மாடு கத்துதுங்க சார்' என்று ஓர் அம்மா வந்து சொன்னால், அதைக் காதில் வாங்கி உடனே புறப்படுவதுகூடச் சுற்றுச்சூழல் சேவைதான்.

மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் முறையை நம் மாநிலக் கால்நடைப் பல்கலைக்கழகம் செம்மைப்படுத்தியது. தேசியப் பால்வள வாரியம் அதைப் பல மாநிலங்களுக்கும் கொண்டுசென்றது. ஆன்டிபயாடிக் செலவும் பாலில் தங்கும் மருந்து எச்சமும் குறைய இது வழி செய்கிறது. அதன் வேர் எங்கே? நாட்டுப்புற வைத்தியத்தில்! தொழுவத்தில் காது கொடுத்துக் கேட்டவர்களால்தான் அது கல்லூரி வரை வந்தது.

மாணவத் தம்பி தங்கைகளே, பயிற்சிக்குப் போகும் ஊரில் ஒரே ஒரு வீட்டையாவது முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். மாடு எத்தனை, பசுந்தீவனம் எங்கிருந்து வருகிறது, சாணம் எங்கே போகிறது, பால் சொசைட்டிப் பணத்தில் தீவனக் கடன் போக மிச்சம் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மூத்த நண்பர்களே, உங்களில் பலர் மருந்தகங்களில் இருக்கிறீர்கள், சிலர் சொந்தப் பண்ணையே வைத்திருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு பயிற்சி மாணவரை உங்களோடு சுற்ற அழைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன், 'இன்னைக்கு எந்த வீட்டுக்குப் போனே, அவங்க என்ன சொன்னாங்க?' என்று கேளுங்கள். நாம் கல்லூரிக்குத் தர வேண்டிய நன்றிக்கடனில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.