அமிர்தசரசின் நான்கு வாயில்கள்

மதுரையின் வானளாவிய கோபுரங்களைக் கண்டு பழகிய நம்மவர்க்கு அமிர்தசரசுப் பொற்கோயிலின் அமைப்பே முதற்பாடமாகும். அங்குப் படியிறங்கியே திருக்குளத்தை அடைதல் வேண்டும். வாயில்கள் நாற்றிசையிலும் உள்ளன. தலையை மூடி, கால் கழுவி, எக்குலத்தாரும் எம்மதத்தாரும் உட்செல்லலாம். லங்கர் எனும் பொது அடுக்களையில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணலாம். 1604ஆம் ஆண்டில் குரு அர்ச்சுனர் இக்கோயிலில் அமர்த்திய ஆதி கிரந்தத்துள், தோல்தொழில் மரபில் வந்த இரவிதாசரின் பாடல்களும் இடம்பெற்றுள்ளன.

எனினும் இங்கும் பேதம் புகுந்ததென்பது வரலாறு. 1920 அக்டோபரில், ஒடுக்கப்பட்ட குலங்களிலிருந்து சீக்கியம் தழுவியோர் கொணர்ந்த படையலை ஏற்கப் பூசாரிகள் மறுத்தனர். சீர்திருத்தவாதிகள் வாதாடி அதனை ஏற்கச் செய்தனர். அகாலி இயக்கம் வலுப்பெற்ற காலம் அது.

நான்காண்டுகளுக்குப் பின், 1924இல், வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக அறப்போர் மூண்டது. ஈரோட்டிலிருந்து பெரியார் சென்றார். பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து தொண்டர்க்குச் சோறிட்டனர். வெளியார் உதவியைக் காந்தியடிகள் ஏற்காமையால் அவ்வடுக்களை பின்னர் மூடப்பட்டது. 1939 சூலை 8இல் வைத்தியநாத ஐயர் முயற்சியால் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்டோர் அடியெடுத்து வைத்தனர்.

திறந்த வாயிலும் காவாதுவிடின் அடைபடும் என்பதற்கு அமிர்தசரசு சான்று. அடைத்த வாயிலும் முயன்றால் திறக்கும் என்பதற்கு மதுரை சான்று. அமிர்தசரசுப் பந்தியில் அமரும் நம்மவர், நம் ஊர்ப் பந்திகளையும் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் கடனாகும்.