கௌபாய்க் கதையும் அறிவியல் புனைகதை வாசகரும்: ஓர் இகழ்ச்சியின் வரலாறு

இலக்கிய வகைகளுக்குள் உயர்வு தாழ்வு கற்பித்தல் நமக்குப் புதிதன்று. காப்பியத்தில் தோய்ந்தார் பள்ளையும் குறவஞ்சியையும் எளியன என ஒதுக்கியதுண்டு. செய்யுளே இலக்கியம் எனக் கொண்டார் புதினத்தை ஏற்கத் தயங்கியதும் உண்டு. ஒதுக்கப்பட்டவை பின்னர் ஆராய்ச்சிக்கு உரியவாயின. ஒதுக்கியோர் ஏன் ஒதுக்கினர் என்பதும் ஆராய்தற்கு உரிய வினாவே ஆகும்.

பழனிசெட்டிபட்டியில் முதுகலை மாணவர் சிலருக்கு மாலை வேளைகளில் புறத்திணையியல் கற்பித்து வருகின்றேன். வெட்சித் திணையை விளக்குங்கால், ஆநிரை கவர்தலும் மீட்டலும் அமெரிக்கக் கௌபாய்க் கதைகளுக்கும் உயிர்நாடியாக அமைந்துள்ளன என்று ஒருநாள் ஒப்புமை கூறினேன். சுஜாதாவின் அறிவியல் புனைகதைகளை விரும்பிக் கற்கும் மாணவர் ஒருவர் அதனை ஏற்றாரல்லர். அத்தகைய கதைகளோடு ஒப்பிடுவது வெட்சிக்கே இழுக்கு என்றார். கௌபாய்க் கதை இறந்த காலத்தையே நோக்குவது, சிந்தனைக்கு இடந்தாராதது, துப்பாக்கி கொண்டே எல்லாவற்றுக்கும் முடிவு காண்பது என்பன அவர் அடுக்கிய குற்றங்கள். இவை அவர் ஒருவருடைய கருத்துகள் அல்ல. மேலை நாட்டு அறிவியல் புனைகதை வாசகரிடையே முக்கால் நூற்றாண்டாக வழங்கி வருவன. அவ்விகழ்ச்சி எங்ஙனம் தோன்றிற்று, எத்துணைப் பொருந்தும், தமிழ் கற்பார் அதனை அவ்வாறே மேற்கொள்ளலாமா என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

கௌபாய்க் கதை என ஈண்டுக் குறிக்கப்படுவது, அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியைக் களமாகவும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைக் காலமாகவும் கொண்ட கதைவகை. ஆங்கிலத்தார் இதனை 'வெஸ்டர்ன்' என்பர். உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்த பின்னர், டெக்சாஸ் மேய்ச்சல் நிலங்களிலிருந்து பெரும் மாட்டு மந்தைகள் கான்சாசின் புகைவண்டி நிலையங்களுக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. அவற்றைக் குதிரைமேல் ஏறி ஓட்டிச் சென்ற கூலியாட்களே கௌபாய்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளே ஓங்கியிருந்த அத்தொழில், கதையில் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றது.

இக்கதைவகைக்கும் அறிவியல் புனைகதைக்கும் தொடர்பே இல்லை எனக் கருதுவார், 1868-இல் எட்வர்டு எல்லிஸ் என்பார் எழுதிய மலிவு விலைப் புதினம் ஒன்றை நோக்குதல் வேண்டும். புல்வெளியின் நீராவி மனிதன் என்பது அதன் பெயரின் பொருள். அதில் சிறுவன் ஒருவன் நீராவியால் இயங்கும் மனித உருவைச் செய்து, அதனை வண்டியிற் பூட்டி மேற்குச் சமவெளியில் செலுத்துகின்றான். இயந்திர மனிதன் அறிவியல் புனைகதைக்கு உரியவன். சமவெளியும் அங்கு நிகழும் பூசலும் கௌபாய்க் கதைக்கு உரியன. இரு வகைகளும் தனித்தனிப் பெயர் பெறுதற்கு முன்னரே ஒரு நூலுள் ஒன்றியிருந்தன என்பது இதனால் பெறப்படும்.

பின்னும் ஒரு சான்று காண்போம். குடியேற்ற எல்லைக்கோடு என ஒன்று இனி இல்லை என்று 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்கு அறிவித்தது. அவ்வெல்லையே அமெரிக்கர் இயல்பை வடித்தது என்று வரலாற்றறிஞர் பிரடெரிக் ஜாக்சன் டர்னர் 1893-இல் சிகாகோவில் உரை நிகழ்த்தினார். மண்ணில் எல்லை முடிந்தது. கற்பனையோ வேறு எல்லை தேடிற்று. 1912-இல் ஜேன் கிரே எழுதிய புகழ்பெற்ற கௌபாய்ப் புதினம் ஒன்று வெளிவந்தது. அதே ஆண்டில் எட்கர் ரைஸ் பரோஸ் எழுதிய செவ்வாய்க் கோள் கதை இதழொன்றில் தொடராக வந்தது. அக்கதையின் தலைவன் ஜான் கார்ட்டர் உள்நாட்டுப் போரில் தென்னாட்டார் பக்கம் பொருத படைத்தலைவன். அரிசோனாவில் அப்பாச்சியர் துரத்த ஒரு குகையுட் புகுந்தவன், அங்கிருந்தே செவ்வாயை அடைகின்றான். அறிவியல் புனைகதையின் முன்னோடி எனப் போற்றப்படும் அக்கதைக்கு வாயில் கௌபாய்க் கதையின் நிலமே ஆகும்.

பதிப்பு வரலாறும் இதனையே வலியுறுத்தும். 1919-இல் கௌபாய்க் கதைகளுக்கென ஓர் இதழைத் தொடங்கிய ஸ்டிரீட் அண்ட் ஸ்மித் நிறுவனமே, 1933 முதல் 'அஸ்டவுண்டிங்' என்னும் அறிவியல் புனைகதை இதழையும் வெளியிட்டது. எழுத்தாளருள்ளும் இரண்டும் எழுதினார் உளர். லீ பிராக்கெட் என்னும் பெண்பாற் புலவர் கோள்களைப் பற்றிய புனைகதைகளால் புகழ்பெற்றவர். அவரே 1959-இல் வெளிவந்த 'ரியோ பிராவோ' என்னும் கௌபாய்ப் படத்துக்கும், 1980-இல் வெளிவந்த விண்வெளிப் போர்ப் படத்துக்கும் திரைக்கதை எழுதியவருள் ஒருவர்.

இகழ்ச்சியின் தோற்றம்

அங்ஙனமாயின் பகை எப்போது முளைத்தது? ஹியூகோ கெர்ன்ஸ்பாக் 1926-இல் அறிவியல் புனைகதைக்கெனத் தனி இதழ் தொடங்கியபின், வாசகர் கடிதங்களால் ஒருவரையொருவர் அறிந்து மன்றங்களாகக் கூடினர். தாம் படிப்பது வெறும் பொழுதுபோக்கன்று என்று நிறுவும் வேட்கை அவர்பால் வளர்ந்தது. அக்காலத்தில் மட்டமான கௌபாய்ப் படங்களைக் 'குதிரை ஓபரா' என ஏளனமாக வழங்குவர். அதனை அடியொற்றி, மட்டமான விண்கலக் கதைகளுக்கு 'விண்வெளி ஓபரா' என்று 1941-இல் வில்சன் டக்கர் பெயரிட்டார். தம் வகையுள் தாழ்ந்ததைச் சுட்ட வேண்டியபோது கௌபாய்க் கதையின் பெயரையே அவர் கடன் கொண்டமை கருதத்தக்கது.

1945-இல் அணுகுண்டு வீழ்ந்தபின் அறிவியல் புனைகதை விளையாட்டன்று என்ற எண்ணம் பின்னும் வலுப்பெற்றது. 1950 அக்டோபரில் எச். எல். கோல்டை ஆசிரியராகக் கொண்டு 'கேலக்சி' என்னும் இதழ் தோன்றியது. அதன் முதல் இதழின் பின்னட்டையில் இரு பத்திகள் அருகருகே அச்சிடப்பட்டன. ஒன்றில் பேட் டர்ஸ்டன் என்னும் வீரன் விண்கலத்தில் இறங்குகின்றான். மற்றொன்றில் அவனே குதிரையில் வருகின்றான். சொற்கள் சில மாறினவேயன்றிக் கதை மாறவில்லை. இத்தகைய கதை எம் இதழில் என்றும் இடம்பெறாது என்பதே அவ்விளம்பரத்தின் கருத்து. பிற்காலத்தார் வழங்கும் இகழ்ச்சியுரைகள் பலவும் அப்பின்னட்டையின் வழிவந்தனவே எனலாம்.

இவ்விளம்பரம் உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. தம்மோடு தொடர்பற்றதை எவரும் இத்துணை முனைந்து மறுப்பதில்லை. துப்பறியும் கதையையோ காதற் கதையையோ பின்னட்டையில் மறுக்க வேண்டிய தேவை கோல்டுக்கு எழவில்லை. அயலானோடு எல்லை வழக்கு இல்லை, பங்காளியோடுதான் உண்டு. இகழ்ச்சிக்குக் காரணம் வேற்றுமையன்று, ஒற்றுமையே என்பது இதனால் தெளிவாகும்.

குற்றச்சாட்டுகளின் வலிமை

இனி, மாணவர் கூறிய குற்றங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம். கௌபாய்க் கதை இறந்த காலத்தை நோக்குவது என்பது முதலாவது. களம் இறந்த காலத்தது என்பது உண்மை. ஆயின் அக்களத்தில் நிகழ்வது யாது? 1869-இல் இருப்புப்பாதை அக்கண்டத்தைக் குறுக்கே இணைக்கின்றது. 1874-இல் கிளிடன் உரிமம் பெற்ற முட்கம்பி, திறந்த மேய்ச்சல் நிலத்தை வேலியிட்டு அடைக்கின்றது. புதுக்கருவி வந்து பழைய வாழ்வை மாற்றுங்கால் மாந்தர் என்செய்வர் என்பதே சிறந்த கௌபாய்க் கதையின் பொருள். அறிவியல் புனைகதையின் வினாவும் அதுவே. 1895-இல் பெரியாற்று அணை நீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தபின் தம் ஊரும் உழவும் மாறியதைப் பாட்டனார் வாய்க் கேட்டு வளர்ந்த கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சிந்தனைக்கு இடமின்றி ஒரே வாய்பாட்டில் அமைவது என்பது இரண்டாவது. இது பெரும்பான்மைக்குப் பொருந்தும். ஆனால், பெரும்பான்மையை வைத்து ஒரு வகையை அளந்தால் எந்த வகையும் தேறாது. விண்கலக் கதைகளிலும் வாய்பாட்டுக் கதைகளே மிகுதி என்பதனாலன்றோ டக்கர் அவற்றுக்கு ஒரு பெயரிட நேர்ந்தது!

துப்பாக்கியே நீதி வழங்குகின்றது என்பது மூன்றாவது. இதனுள் அடங்கிய பெருங்குற்றத்தை மாணவர் கூறிற்றிலர்; யாமே கூறுதல் முறை. அந்நிலம் வெற்றிடமன்று. அது செவ்விந்தியர் எனப்பட்ட தொல்குடியினரின் தாயகம். அவர்தம் நிலத்தைக் கவர்ந்தாரை வீரராகவும், இழந்தாரைக் கொடியராகவும் காட்டிய கதைகள் பற்பல. இக்குற்றம் மறுக்கவியலாதது. எனினும் இதனை எடுத்துக்காட்டும் உரிமை அறிவியல் புனைகதை வாசகருக்கு முழுமையாக உண்டா? வேற்றுக் கோளிற் குடியேறி அங்குள்ளாரை அடக்கும் கதைகள் அவ்வகையிலும் மிகுதி. எச். ஜி. வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட செவ்வாயர் படையெடுப்புக் கதையில், டாஸ்மேனியத் தொல்குடியினர்க்கு ஐரோப்பியர் இழைத்த கொடுமையை நினைவூட்டித் தம் நாட்டாரையே தாக்கப்பட்டார் நிலையில் நிறுத்தினார். கௌபாய் வகையிலும் 1970-இல் வந்த 'லிட்டில் பிக் மேன்' என்னும் படம் செயென் மக்கள் பக்கம் நின்று கதை கூறிற்று. ஆகவே, குற்றம் இருவகைக்கும் பொது. திருந்தும் ஆற்றலும் பொது.

தமிழ்நாட்டு நிலை

தமிழகத்தில் இவ்விரு வகைகளும் பகையாகப் பிறக்கவில்லை. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்டது மின்னதிர்ச்சியால் உருமறையும் இரும்புக்கை மாயாவியின் கதை. அது அறிவியல் கற்பனை. 1984-இல் தோன்றிய லயன் காமிக்ஸ் வழியே இத்தாலி நாட்டுக் கௌபாய் வீரன் டெக்ஸ் வில்லர் தமிழ் பேசினான். நவஹோ மக்களிடையே மணம் செய்து அவர்தம் தலைவனாகவும் ஆன அவனை 'இரவுக் கழுகார்' எனத் தமிழ்ச் சிறுவர் அறிவர். இரண்டையும் ஒரே ஊர் அச்சிட்டது. ஒரே கடையில் வாங்கி, ஒரே திண்ணையிற் படித்தனர். திரையிலும் வேற்றுக் கோளினரைக் காட்டிய 'கலை அரசி' 1963-இலும், கர்ணன் இயக்கிய கௌபாய்ப் பாணிப் படமாகிய 'கங்கா' 1972-இலும் வெளிவந்தன. இரண்டையும் ஒரே கொட்டகை மக்கள் வேற்றுமையின்றி வரவேற்றனர்.

எனவே, ஒன்றை உயர்த்தி மற்றொன்றை இகழும் வழக்கம் நம் மண்ணில் விளைந்ததன்று. 1950-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஓர் இதழ் தன் விற்பனைக்காக வகுத்த எல்லையை, அதன் காரணம் அறியாமலே நாம் நம் எல்லையாகக் கொண்டுவிட்டோம். இதனால் விளையும் இழப்புச் சிறிதன்று. இகழப்பட்ட நூலை எவரும் பேணார். மலிவுத் தாள் நெடுநாள் நில்லாது. நாளை தமிழ்ச் சிறுவர் இலக்கிய வரலாறு எழுதப் புகுவார்க்கு மூலமே கிட்டாமற் போகலாம்.

ஆகோள்

மாணவர்தம் மறுப்பின் அடிப்படைக்கு மீள்வோம். வெட்சியைக் கௌபாய்க் கதையோடு ஒப்பிடுதல் வெட்சிக்கு இழுக்கா? தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2006-இல் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவை கிறித்துவுக்கு முற்பட்டன என்பது அவர்தம் கருத்து. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்தது. ஆகோள் என்னும் தொல்காப்பியச் சொல்லே அக்கல்லிலும் உள்ளது. அக்கூடலூரைக் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூராகக் கொள்வாரும் உளர். மலைமாட்டு மந்தைகள் இன்றும் மேயும் நிலம் இது. கம்பத்துத் தம்பிரான் மாட்டுத் தொழுவில் காளையை வணங்கும் மக்கள் வாழும் நிலம் இது. மாடு என்பது செல்வத்துக்கே பெயராக வழங்கிய மொழி நம்முடையது.

அக்கல்வெட்டில் கருதத்தக்கது ஒன்றுண்டு. இறந்தவன் நிரை கவர்ந்தவனா மீட்டவனா என்று அது விரித்துரைக்கவில்லை. ஆகோளில் பட்டான் என்ற அளவில் அமைகின்றது. இது நம் இலக்கண மரபோடு ஒத்துச் செல்கின்றது. தொல்காப்பியர் கவர்தலையும் மீட்டலையும் வெட்சி என்னும் ஒரு திணையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையார் கரந்தையைத் தனித்திணையாக்கி, மீட்பார்க்கும் தனிப் பூச்சூட்டினார். எம்முறையை மேற்கொண்டாலும், இருபாலாரும் மறவரே. இருபாலார்க்கும் கல் உண்டு. கௌபாய்க் கதையின் பெருங்குறை ஒரு பாலார்க்கே பூச்சூட்டியதாகும். அக்குறையை நீக்கிய சில படைப்புகளே அவ்வகையுள் நிலைத்து நிற்கின்றன. அறிவியல் புனைகதைக்கும் அவ்வளவையே பொருந்தும்.

ஆதலின், தமிழ் மாணவர்க்கு உரிய அளவுகோல் குதிரையா விண்கலமா என்பதன்று. இழந்தார்க்கும் அக்கதையில் ஒரு கல் நடப்பட்டதா என்பதே ஆகும். அவ்வளவுகோல் நமக்கு வெளிநாட்டு இதழின் பின்னட்டையிலிருந்து வரவேண்டுவதில்லை. வைகைக் கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது பொறிக்கப்பட்டுள்ளது.