வீட்டுக்குள் வந்த ஒலிப்பதிவுக் கூடம்

1985இல் விற்பனைக்கு வந்த அட்டாரி எஸ்டி கணினியில், ஐந்து ஊசிச் செருகிக்கான வட்டத் துளைகள் இரண்டு இருந்தன. இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி என்ற முறைக்கானவை அவை: ஒன்று உள்ளே, மற்றது வெளியே. பெரும்பாலான கணினிகளுக்கு அந்த வசதியைத் தனிப் பெட்டியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த காலம் அது. ஒரு கீபோர்ட்டைக் கேபிளால் அதில் கொளுவிவிட்டால், வாசிப்பதைக் கணினி நினைவில் வைத்துத் திருப்பி வாசிக்கும். வீட்டில் இருந்தபடி பாட்டுச் செய்கிறவரின் கணினி அந்த இரண்டு துளைகளில்தான் பிறந்தது என்பேன்.

அதைச் செய்வித்தவர் ஜாக் ட்ராமியெல். போலந்தின் லொட்ஸ் நகரத்தில் பிறந்த யூதர். அந்த ஊர் அடைப்பிடத்தில் சிறுவனாகக் கிடந்து, அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1945இல் ஹனோவருக்கு அருகே ஒரு முகாமில் இருந்து உயிரோடு மீட்கப்பட்டவர். பிறகு அமெரிக்காவில் தட்டச்சுப்பொறி திருத்தினார், கொமடோர் நிறுவனத்தைக் கட்டி எழுப்பினார், 1984இல் அதைவிட்டு வெளியேறி அட்டாரியின் வீட்டுக் கணினிப் பிரிவை வாங்கினார். கணினி வசதி படைத்தவர்களுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் என்பது அவர் கொள்கை. 1984இல் ஆப்பிளின் மாக்கின்டொஷ் 2,495 டொலர். ட்ராமியெலின் 520எஸ்டி கறுப்பு வெள்ளைத் திரையோடு 799 டொலர். முகாம் வாழ்க்கை தெரிந்த ஒருவர்தான் இந்தக் கருவியை ஏழைப் பாட்டுக்காரன் கைக்குக் கொண்டுவந்தார் என்பதை, வன்னி வாசகருக்குச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

மிடி அட்டாரி எஸ்டிக்கு இரண்டு ஆண்டு முன்னர்தான் வந்திருந்தது. 1983 ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்குவென்ஷியல் நிறுவனத்தின் கீபோர்ட்டும் ரோலண்டின் கீபோர்ட்டும் ஒரு கேபிளால் இணைந்து வாசித்துக் காட்டப்பட்டன. அந்தக் கேபிளில் ஓசை போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது கை எடுத்தது என்ற செய்தி மட்டும் போகிறது. ஆகவே அரை மெகாபைட் நினைவகமும் 8 மெகாஹேர்ட்ஸ் வேகமும் உள்ள அட்டாரிக்கு அது சுமையாக இருக்கவில்லை. 1989இல் ஹம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் நிறுவனம் அதற்காகக் கியூபேஸ் மென்பொருளை வெளியிட்டது. பாட்டு இடமிருந்து வலமாக ஓடும் பட்டைகளாகத் திரையில் விரிந்தது. இன்றைக்கு எந்தப் பதிவு மென்பொருளைத் திறந்தாலும் கண்ணில் படுவது ஏறக்குறைய அதே காட்சிதான்.

சென்னையும் சும்மா இருக்கவில்லை. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியைக் கொண்டு இசை அமைத்தார். ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார்; 1992இல் அவர் இசையில் ‘ரோஜா’ வந்தது.

அந்த ஆண்டுகளில் வன்னியில் என்ன இருந்தது? போரின்போது அரசு விதித்து 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றரியும் எரிபொருளும் அடங்கின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் சனம் வானொலி கேட்டது. 1996இல் ஸ்டைன்பெர்க் விஎஸ்டி என்ற தொழில்நுட்பத்தை வெளியிட்டு, எதிரொலி முதலான கூடத்துக் கருவிகளைக் கணினிக்கு உள்ளேயே மென்பொருளாக்கியது. கிளிநொச்சி நகரம் முழுவதும் இடம்பெயர்ந்து அக்கராயன், மல்லாவிப் பக்கம் ஒதுங்கிய ஆண்டும் அதுதான். உலகம் இந்தக் கணினியைக் கட்டிக்கொண்டிருந்த காலம் முழுக்க, எங்கள் ஊர் ஒரு விளக்கு எரிக்க வழி தேடிக்கொண்டிருந்தது. 2002இல் ஏ-9 பாதை திறந்ததும் கணினிகள் வந்தன. 2009 போரில் அவையும் வீடுகளோடு போயின. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கம்பம் நட்டுக் கரண்ட் வந்த பின்னர்தான் வன்னி வீட்டில் ஒரு பிள்ளை நின்று நிதானித்து எந்தக் கணினி வாங்கலாம் என்று கேட்க முடிந்தது.

அந்தப் பிள்ளை கடைக்குப் போனால் பெரும்பாலும் காட்டப்படுவது விளையாட்டுக்கான கணினி. வண்ண விளக்கு, பெரிய கிராபிக்ஸ் அட்டை, அதற்கேற்ற விலை. பாட்டுப் பதிவுக்கு அந்த அட்டையால் சொல்லத்தக்க பயன் இல்லை. அட்டாரியை வாழவைத்தது அதன் பலம் அல்ல, நேரம் தவறாமை. இன்றைக்கும் பார்க்க வேண்டியது அதையே. பாடுகிறவரின் குரல் ஒலிவாங்கியால் உள்ளே போய், ஹெட்போனில் அவர் காதுக்குத் திரும்பத் தாமதமானால் தாளம் தடுமாறும். தொடக்கத்தில் விண்டோஸ் கணினிகள் இதில் மோசமாக இருந்தன. 1997இல் ஸ்டைன்பெர்க் வகுத்த ஏசியோ என்ற குறுக்கு வழி அந்தத் தாமதத்தைக் குறைத்தது. கணினி ஒரு செகண்டின் ஓசையை 44,100 துணுக்குகளாக அளக்கிறது. 256 துணுக்கு சேரும்வரை காத்திருந்தால் அந்தக் காத்திருப்பு மட்டும் ஏறக்குறைய 6 மில்லிசெகண்ட். காற்றில் ஒலி இரண்டு மீற்றர் நடக்கும் நேரம். பக்கத்தில் நிற்கும் மத்தளக்காரரைக் கேட்பது போலத்தான், பெரும்பாலும் உறுத்தாது. 1,024 துணுக்கு என்றால் 23 மில்லிசெகண்ட், எட்டு மீற்றர் தள்ளிப் போய்விடுகிறார். இந்தக் கணக்கைத் தடங்கலின்றி ஓட்டுகிற கணினியே போதும். அதோடு, ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும், ஏசியோ வசதியுள்ள வெளி ஒலி இடைமுகப் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை, பாவித்த அலுவலகக் கணினி. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த டெல், எச்பி மேசைக் கணினிகள் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. நான்கு கோர் கொண்ட புரொசெசர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி தட்டு இருந்தால் சரி. 24 தடத்தில் ஐந்து நிமிடப் பாட்டு, நல்ல தரத்தில், ஒரு ஜிபி அளவே பிடிக்கும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு புதுக் கணினிக்குக் கொட்டுகிற காசில் பாதியை ஒலிவாங்கிக்கும் இடைமுகத்துக்கும் ஒதுக்குவதே புத்தி. மடிக்கணினியில் பற்றரி உண்டே என்பார்கள். உண்மை. ஆனால் மேசைக் கணினியில் ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். யுபிஎஸ் ஒன்று சேர்த்துவிட்டால் மின்வெட்டில் பதிவைச் சேமித்து மூட நேரம் கிடைக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விசிறிச் சத்தம் அடுத்த பிரச்சினை. வன்னி வெக்கையில் விசிறி ஓயாது சுற்றும். ஒலிவாங்கிக் கேபிளை நீளமாக வாங்கி, கணினியை அடுத்த அறையில் வையுங்கள். நிலத்தொடுப்பு சரியில்லாத வீட்டில் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் எல்லாப் பதிவிலும் ஊறிவிடும். மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு அதைப் பார்ப்பது, இரண்டாவது ஒலிவாங்கி வாங்குவதை விட அவசரம். ஐப்பசி, கார்த்திகையில் தகரக் கூரையில் மழை விழும்போது பதிவு நடவாது, இடி முழங்கினால் எல்லா இணைப்பையும் கழற்றத்தான் வேண்டும். அறைக்கு மெத்தை, தடித்த சேலை, சாக்கு எதையாவது தொங்கவிடலாம். மயில் அகவினால் நிறுத்தித் திரும்பப் பாட வேண்டியதுதான். நுண்ணிய ஓசையையும் அள்ளும் கொண்டென்சர் ஒலிவாங்கியை விட, கிட்ட வைத்துப் பாடும் டைனமிக் வகை இங்கே நல்லது.

மென்பொருளுக்குக் காசில்லை என்று களவுப் பிரதி போட வேண்டாம். வின்அம்ப் பாட்டு இயக்கியை எழுதிய ஜஸ்டின் பிராங்கெல் உருவாக்கிய ரீப்பர் என்ற பதிவு மென்பொருள், தனியாளுக்கு 60 டொலர். பழைய கணினியிலும் ஓடும். ஓடாசிட்டி என்ற இன்னொரு பதிவு மென்பொருள் இலவசம்.

இடைமுகத்தில் எத்தனை உள்வழி என்பதை, என்ன பதியப்போகிறீர்கள் என்பதை வைத்துத் தீர்மானியுங்கள். ஒருவர் பாடி, ஒருவர் கீபோர்ட் வாசிக்க இரண்டு போதும். முல்லைத்தீவின் முல்லைமோடிக் கோவலன் கூத்தைப் பதிய ஆசைப்பட்டால் இரண்டு காணாது. அண்ணாவியாருக்கு ஒன்று, மத்தளத்துக்கு ஒன்று, கூத்தருக்கு ஒன்று, பிற்பாட்டுக்காரர் கூட்டமாக நிற்க ஒன்று. தனித்தனியாகப் பாடவைத்துப் பிறகு ஒட்டினால் கூத்தின் விசை போய்விடும். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் ஆட்டத்தை ஏற்றுவார்கள். நான்கு உள்வழிப் பெட்டிக்குக் காசு போதாவிட்டால் ராமைக் குறையுங்கள், திரையைப் பழசாக வாங்குங்கள். உள்வழியைக் குறைக்க வேண்டாம். மூத்த அண்ணாவிமார் இருக்கும்போதே பதிய வேண்டும். அந்தப் பதிவைப் பதிந்த அன்றே இன்னொரு தட்டில் பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.