கேபிள் இல்லாமல் நேரலை விளையாட்டு: எந்தச் செயலிக்குப் பணம் கட்டலாம்?

2025 ஆகஸ்ட் 4 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் முகமது சிராஜ் கடைசி விக்கெட்டை வீழ்த்த, இந்தியா 6 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்தத் தொடரைத் தொலைக்காட்சியில் காட்டியது சோனி. ஆனால் சோனியின் செயலியான சோனி லிவ்வுக்குச் சந்தா கட்டியிருந்தவர்களால் அதைக் கைப்பேசியில் பார்க்க முடியவில்லை. இணைய உரிமை ஜியோஹாட்ஸ்டாரிடம் இருந்தது. அடுத்த மாதமே ஆசியக் கோப்பை வந்தது. அது சோனி தொலைக்காட்சியிலும் சோனி லிவ்விலும் வந்தது, ஜியோஹாட்ஸ்டாரில் இல்லை. ஒரே அணி, இரண்டு மாதத்துக்குள் இரண்டு செயலிகள்.

கேபிளை நிறுத்திவிட்டு இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். தொலைக்காட்சி உரிமையும் இணைய உரிமையும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. ஐபிஎல்லில் 2023 முதல் 2027 வரையிலான தொலைக்காட்சி உரிமையை ஸ்டார் 23,575 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதன்மை இணைய உரிமையை வயாகாம்18 சுமார் 20,500 கோடிக்கு வாங்கியது. பிறகு இரண்டு நிறுவனங்களும் இணைந்தன. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது. 2022 கத்தார் உலகக் கோப்பையையும் 2023 ஐபிஎல்லையும் காசில்லாமல் பார்த்துப் பழகிய நமக்கு, அந்த இலவசக் காலம் முடிந்ததும் அப்போதுதான்.

எனவே எந்தச் செயலி நல்லது என்று கேட்பதில் பயனில்லை. நம் வீட்டில் எந்த ஆட்டத்தைப் பார்க்கிறார்கள், அது எந்த மாதங்களில் நடக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள்?

ஐபிஎல், ஐசிசி போட்டிகள், இந்தியாவில் நடக்கும் சர்வதேச ஆட்டங்கள், மகளிர் கிரிக்கெட் இவைதான் என்றால் ஜியோஹாட்ஸ்டார் ஒன்றே போதும். 2025 நவம்பர் 2 அன்று நம் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்ற ஆட்டமும் அதில்தான் வந்தது. அதன் பிறகு வீட்டுப் பெண் பிள்ளைகளும் மட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகிறார்கள் என்றால் அவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கால்பந்து வீடுகளின் பாடுதான் கடினம். கேரள எல்லையை ஒட்டிய நம் மாவட்டத்தில், அதுவும் விளவங்கோடு, கல்குளம் பக்கம், கால்பந்து மோகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் கோழிக்கோடு புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ரொனால்டோவுக்கும் ஆளுயரத்தைத் தாண்டிய கட்அவுட் வைத்ததை உலகமே பார்த்தது. அதே கோப்பையில் மொராக்கோ ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வெளியேற்றி, அரையிறுதிக்கு வந்த முதல் அரபு நாடாக, முதல் ஆப்பிரிக்க நாடாக நின்றதை நம் வீடுகளில் பெரியவர்களும் விழித்திருந்து பார்த்தார்கள். ஆனால் கால்பந்து ஒரே இடத்தில் கிடைக்காது. முகமது சாலா விளையாடிப் புகழ்பெற்ற இங்கிலாந்து பிரீமியர் லீக் ஜியோஹாட்ஸ்டாரில் வருகிறது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் சோனி லிவ்வில். ஸ்பெயினின் லா லீகா 2025-26 பருவத்திலிருந்து ஃபேன்கோடில். மூன்றுக்கும் பணம் கட்டுவது வீண் செலவு என்பதே எங்கள் கருத்து. பிள்ளை எந்த அணியின் ரசிகன் என்று கேட்டு ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுங்கள். சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களில் பெரும்பாலானவை நம் நேரப்படி நள்ளிரவு 12.30க்கோ 1.30க்கோதான் தொடங்கும். பள்ளி நாளில் அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஃபேன்கோடில் ஒரு தொடருக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டும் வசதியும் உண்டு.

கட்டணத்தைப் பொறுத்தவரை, ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது கைப்பேசியில் மட்டும் பார்க்கும் திட்டம் 3 மாதத்துக்கு 149 ரூபாய், இரண்டு கருவிகளில் பார்க்கும் திட்டம் 299, நான்கு கருவிகளுக்கானது 499 என்று வைத்திருந்தார்கள். இவை அடிக்கடி மாறும். பணம் கட்டும் நாளில் செயலியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று. மலிவான கைப்பேசித் திட்டத்தை எடுத்துவிட்டு டிவியில் வரவில்லையே என்று வருந்துபவர்கள் உண்டு. கூட்டுக் குடும்பமாகப் பெரிய திரையில் பார்ப்பதாக இருந்தால் அந்தத் திட்டம் உதவாது. ‘விளம்பரம் இல்லை’ என்று சொல்லும் உயர்ந்த திட்டத்திலும் நேரலை ஆட்டங்களில் விளம்பரம் வரும். விளையாட்டுக்காக மட்டும் அதற்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

ரீசார்ஜுடன் சந்தாவும் சேர்ந்து வரும் திட்டங்கள் ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் இருக்கின்றன. தனியாகக் கட்டுவதற்கு முன் ஏற்கெனவே நம் எண்ணில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் மகனின் சிம்மில் கிடக்கும் சந்தா வாப்பாவுக்குத் தெரிவதில்லை.

டேட்டா கணக்கு

விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓடும் சுமாரான படத்துக்கு ஒரு மணி நேரத்தில் 900 எம்பி செலவாகும். 5 மெகாபிட் தெளிவான படத்துக்கு இரண்டேகால் ஜிபி. டி20 ஆட்டம் நான்கு மணி நேரம் இழுக்கும். ஆக சுமாரான படத்திலேயே 3.6 ஜிபி. தினமும் 2 ஜிபி தரும் பேக்கில் இரண்டாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். கால்பந்து இரண்டு மணி நேரத்தில் முடிவதால் 1.8 ஜிபியில் தப்பித்துக்கொள்ளலாம். ஐபிஎல் முழுவதும் பார்க்கும் வீட்டுக்குக் கைப்பேசி டேட்டா கட்டுப்படியாகாது. பிஎஸ்என்எல் ஃபைபரோ வேறு ஃபைபரோ வேண்டும். அந்த மாத வாடகையையும் சேர்த்துத்தான் கேபிளோடு ஒப்பிட வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்காக ஃபைபர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கேபிளை நிறுத்துவது லாபம். விளையாட்டுக்காக மட்டும் புதிதாக ஃபைபர் இழுப்பது பெரும்பாலும் நஷ்டம்.

இன்னொரு சிறு குறை: இணைய நேரலை கேபிளைவிடச் சற்றுப் பின்தங்கி வரும். பக்கத்து வீட்டில் ‘கோல்’ என்று கத்திய பிறகுதான் நம் வீட்டில் பந்து காலுக்கே வரும்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்றால்

பலர் மறந்துவிட்ட வழி டிடி ஃப்ரீ டிஷ். டிஷ்ஷும் பெட்டியும் வாங்க ஒருமுறை செலவு. பிறகு மாதக் கட்டணம் கிடையாது. 2007இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புப் பகிர்வுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவித்த ஆட்டங்களைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியுடன் பகிர்ந்தாக வேண்டும். இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்களும், உலகக் கோப்பைக் கால்பந்தின் தொடக்க ஆட்டம், அரையிறுதி, இறுதி போன்றவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஐபிஎல் இல்லை. கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸ் வைத்தால் ஏன் இந்த ஆட்டங்கள் வருவதில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்: பகிர்ந்து பெறும் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இந்தியா ஆடும் ஆட்டத்தை மட்டும் பார்க்கும் வாப்பா, உம்மா தனியாக இருக்கும் வீட்டுக்கு நாங்கள் இதைத்தான் சொல்வோம். கடவுச்சொல் வேண்டாம், ஓடிபி வேண்டாம். மழைக்காலத்தில் படம் கொஞ்சம் உடையும், அவ்வளவுதான். பெட்டி வாங்கும்போது கடையிலேயே டிடி ஸ்போர்ட்ஸை ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வளைகுடாவில் இருப்பவரின் கணக்கு

துபாயிலோ தோஹாவிலோ இருக்கும் காக்கா தன் சந்தாவின் கடவுச்சொல்லை ஊருக்கு அனுப்பினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படி நடக்காது. உரிமை நாடு வாரியாக விற்கப்படுவதால் அங்கே பணம் கட்டிய கணக்கில் இங்கே ஆட்டம் வராது; இங்கே கட்டியது அங்கேயும் வராது. பிரீமியர் லீக்கும் உலகக் கோப்பையும் வளைகுடாவில் பீஇன் ஸ்போர்ட்ஸிடம் இருக்கின்றன. ஒரே குடும்பம் என்றாலும் இரண்டு நாட்டிலும் தனித்தனிக் கணக்குதான்.

‘ஃப்ரீ லிங்க்’ வேண்டாம்

இதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்ட நேரத்தில் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சுற்றும் இலவச இணைப்புகள் திருட்டு ஒளிபரப்புகள். அதோடு நிற்பதில்லை. அவற்றில் பலவற்றின் வருமானமே சூதாட்ட விளம்பரம்தான். 2023 ஐபிஎல்லை உரிமையில்லாமல் காட்டியதாக ஃபேர்பிளே என்ற செயலி மீது வயாகாம்18 புகார் கொடுத்து, மகாராஷ்டிர சைபர் காவல்துறை வழக்குப் பதிந்தது. அது அடிப்படையில் பந்தயம் கட்டும் செயலி. ஆட்டத்தைக் காட்டியது ஆள் பிடிக்க. பத்தாம் வகுப்புப் பையன் ஸ்கோர் பார்க்கப் போய் அங்கே கணக்குத் தொடங்கி நிற்பதற்கு ஒரே ஒரு தட்டல் போதும். அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்துச் சூதாட்டத்தையும் விலக்கியிருப்பதை நம் பிள்ளைகள் மதரஸாவில் ஓதியிருப்பார்கள். திரையில் அது ‘கேம்’ என்ற பெயரில் வருவதால் அடையாளம் தெரிவதில்லை.

சட்டமும் இப்போது நம் பக்கம் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதையடுத்து டிரீம்11 பணப் போட்டிகளை நிறுத்தியது; இந்திய அணியின் சட்டையிலிருந்தும் அந்தப் பெயர் போனது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்களோ பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய் மிச்சப்படுத்த இந்தக் கதவைத் திறந்துவிட வேண்டாம்.

தொழுகை நேரமும் ஆட்ட நேரமும்

ஐபிஎல் மாலை ஆட்டம் 7.30க்குத் தொடங்குகிறது. அதாவது இஷாவை ஒட்டி. 2025இல் சாம்பியன்ஸ் டிராஃபி இறுதிப் போட்டியும் ஐபிஎல் தொடக்கமும் ரமலானிலேயே வந்தன. கேபிளில் போனது போனதுதான். செயலியில் முழு ஆட்டத்தின் பதிவும் சுருக்கமும் இருப்பதால், தராவீஹ் முடித்துவிட்டு வந்து நிதானமாகப் பார்க்கலாம். கேபிளைவிடச் செயலி மேல் என்று நாங்கள் தயங்காமல் சொல்லும் ஒரே இடம் இது. ஸ்கோரை முன்கூட்டியே சொல்லிவிடும் நண்பர்களின் குழுவை மட்டும் அதுவரை திறக்காதீர்கள்.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் 2026 ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை என்று அறிவிக்கப்பட்ட உலகக் கோப்பையில் 48 அணிகள், 104 ஆட்டங்கள். கத்தார் போல மாலை நேரம் கிடையாது. பல ஆட்டங்கள் நம் நேரப்படி நள்ளிரவிலும் ஃபஜ்ரை ஒட்டியும் வரும். இப்படிப்பட்ட போட்டிக்கு ஓராண்டுச் சந்தா தேவையில்லை. எந்தச் செயலியில் வருகிறது என்று உறுதிசெய்துகொண்டு, குறைந்த காலத் திட்டத்தை எடுத்தால் போதும்.

எடுத்த கையோடு இன்னொரு வேலை. கூகுள் பே, போன்பே வழியாகக் கட்டும்போது பெரும்பாலும் ‘ஆட்டோபே’ சேர்ந்தே பதிவாகிவிடும். காலம் முடிந்ததும் கேட்காமலே அடுத்த தவணை போய்விடும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி செய்தி அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் அந்தச் செய்தியை யாரும் படிப்பதில்லை. பணம் கட்டிய அன்றே யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதை ரத்து செய்துவிடுங்கள். கட்டிய காலம் முடியும்வரை ஆட்டம் வந்துகொண்டுதான் இருக்கும்.