கற்பித்தல் மருத்துவமனைகளும் தொழில்முறைச் சங்கங்களும்: அமெரிக்க வரலாறு

மருத்துவ மாணவர்களும் இளம் மருத்துவர்களும் நோயாளியின் அருகிலிருந்து தொழில் கற்கும் மருத்துவமனை கற்பித்தல் மருத்துவமனை எனப்படும். சிகிச்சை, பயிற்சி, ஆய்வு ஆகிய மூன்று பணிகளும் அங்கு ஒருங்கே நடைபெறுகின்றன. இத்தகைய மருத்துவமனைகள் தொழில்முறைச் சங்கங்களில் சேர்வதால் பெறும் பயன் என்ன என்ற கேள்விக்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 20ஆம் நூற்றாண்டு மருத்துவ வரலாறு நல்ல சான்றாக விளங்குகிறது. மாநாடுகள், இதழ்கள், புள்ளிவிவரங்கள் ஆகியவை எந்தச் சங்கமும் தரக்கூடியவை. அமெரிக்க மருத்துவமனைகள் பெற்ற பெரும் பயன் வேறு. தனியொரு மருத்துவமனையால் கடைப்பிடிக்க முடியாத விதிகளை, எல்லா மருத்துவமனைகளும் சேர்ந்து கடைப்பிடிக்கச் சங்கங்கள் வழி செய்தன.

சங்கங்களின் தோற்றம்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 1876இல் பிலடெல்பியா நகரில் தொடங்கப்பட்டது. மருத்துவமனைக் கண்காணிப்பாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமக்கெனத் தொடங்கிய சங்கம், 1906இல் அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் என்று பெயர் மாறியது. 1913இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி உருவானது. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது பாடம் நடத்தும் நிறுவனம் அன்று. அறுவை மருத்துவர்களின் சங்கமே ஆகும். மருத்துவமனைகளின் தரத்தை முதலில் சோதித்துப் பார்த்தது இந்தச் சங்கம்தான்.

ஒரு பக்க விதிமுறை

அறுவை மருத்துவர் கல்லூரியில் உறுப்பினராக விரும்புவோர், தாம் செய்த அறுவைச் சிகிச்சைகளின் விவரங்களை எழுத்தில் தர வேண்டியிருந்தது. பலரால் அதைத் தர இயலவில்லை. அவர்கள் பணியாற்றிய மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பற்றிய பதிவேடுகளே சரிவர இல்லாதது அதற்குக் காரணம். தனிமனிதரின் தகுதியை அளக்கப் போன சங்கம், மருத்துவமனையின் தகுதியை அளக்க வேண்டிய நிலைக்கு வந்தது.

இதற்கு முன்பே பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், ஒவ்வொரு நோயாளிக்கும் இறுதியில் என்ன ஆயிற்று என்பதை மருத்துவமனை தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று வாதாடி வந்தார். அவர் தம் சொந்தத் தவறுகளையே அச்சிட்டு வெளியிட்டவர். சக மருத்துவர்கள் பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. எனினும் அவருடைய கருத்து சங்கத்தின் வழியாக உயிர் பெற்றது.

1917இல் சங்கம் ‘குறைந்தபட்ச விதிமுறை’ ஒன்றை வகுத்தது. அது ஒரே பக்கத்தில் அடங்கியது. மருத்துவர்கள் ஒழுங்கமைந்த குழுவாக இயங்க வேண்டும். தகுதியுள்ளோரே அதில் இடம்பெற வேண்டும். குழு அவ்வப்போது கூடித் தன் பணியை ஆராய வேண்டும். நோயாளிகளின் பதிவேடு முழுமையாக இருக்க வேண்டும். ஆய்வகமும் எக்ஸ்ரே வசதியும் இருக்க வேண்டும் என்பன அதன் சாரம்.

அடுத்த ஆண்டு கள ஆய்வு தொடங்கியது. 100 படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகள் ஆராயப்பட்டன. தேறியவை 89 மட்டுமே. அதாவது எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். தேறாதவற்றுள் நாட்டின் புகழ்பெற்ற மருத்துவமனைகளும் இருந்தன. 1919இல் நியூயார்க் நகரின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் சங்கத்தினர் கூடியபோது, பெயர்ப்பட்டியல் பத்திரிகைகளுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று அஞ்சி, அதை நள்ளிரவில் விடுதியின் உலையிலேயே எரித்துவிட்டனர்.

இந்நிகழ்ச்சி சங்கங்களின் இரு இயல்புகளையும் ஒருசேரக் காட்டுகிறது. உறுப்பினரின் குறையை உள்ளபடி அறியும் வலிமை சங்கத்துக்கு உண்டு. அதை ஊரறியச் சொல்லத் தயங்கும் குணமும் அதற்கு உண்டு. ஆயினும் ஆய்வு நிற்கவில்லை. 1950 அளவில் 3,200க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இவ்விதிமுறையில் தேறியிருந்தன. 1951இல் அறுவை மருத்துவர் கல்லூரியுடன் வேறு நான்கு சங்கங்கள் சேர்ந்து தர ஏற்புக்கான கூட்டு ஆணையத்தை அமைத்தன.

பயிற்சி மருத்துவருக்கான போட்டி

சங்கங்களின் பயன் மிகத் தெளிவாகப் புலப்பட்டது பயிற்சி மருத்துவர் நியமனத்தில்தான். தமிழ்நாட்டில் ‘ஹவுஸ் சர்ஜன்’ என்று மக்கள் சொல்லும் பயிற்சி மருத்துவர்களே மருத்துவமனையின் அன்றாடப் பணியைத் தாங்குபவர்கள். அமெரிக்காவில் பயிற்சி இடங்கள் மிகுதியாகவும், படித்து வெளிவரும் மாணவர்கள் குறைவாகவும் இருந்தனர். ஆகவே மருத்துவமனைகள் மாணவரைத் தேடி ஓடின.

ஒரு மருத்துவமனை சற்று முன்னதாக மாணவரைத் தேர்ந்தெடுத்தால், மற்றொன்று அதற்கும் முன்னதாகத் தேர்ந்தெடுத்தது. 1944 அளவில், பயிற்சி தொடங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நியமனங்கள் முடிந்துவிட்டன. நோயாளிகளிடம் மாணவர் எப்படிப் பணிபுரிவார் என்பதை அறியுமுன்பே மருத்துவமனை அவரைத் தேர்ந்தெடுத்தது. தமக்கு எந்தத் துறை பொருந்தும் என்று அறியுமுன்பே மாணவரும் ஒப்புக்கொண்டார். இது தவறு என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் தனியாகக் காத்திருக்கும் மருத்துவமனைக்கு நல்ல மாணவர் கிடைக்கமாட்டார். எனவே எவரும் நிறுத்தத் துணியவில்லை.

1945இல் மருத்துவக் கல்லூரிகள் தம் சங்கத்தின் வழியாக ஒரு முடிவெடுத்தன. குறிப்பிட்ட நாளுக்கு முன் மாணவரின் மதிப்பெண்களையோ பரிந்துரைக் கடிதங்களையோ எந்தக் கல்லூரியும் வெளியிடாது என்பதே அம்முடிவு. இதனால் தேதிப் போட்டி நின்றது. வேறு போட்டி தொடங்கியது. இரண்டாம் விருப்பமான இடம் கிடைத்த மாணவர், முதல் விருப்பத்துக்காகப் பதில் சொல்லாமல் காத்திருந்தார். அவர் மறுத்தபின் மருத்துவமனை அடுத்தவரைத் தேடுவதற்குள் அவர் வேறிடம் சென்றிருப்பார். ஆகவே மாணவர் யோசிக்கும் காலத்தை மருத்துவமனைகள் குறைத்துக்கொண்டே வந்தன. 1945இல் 10 நாட்களாக இருந்தது அக்காலம். 1949இல் 12 மணி நேரம் என்ற யோசனை வந்தபோது, அதுவும் மிக நீண்டது என்று மருத்துவமனைச் சங்கம் மறுத்துவிட்டது. வாழ்நாள் தொழிலைத் தீர்மானிக்கும் முடிவைத் தந்தி வந்தவுடன் சொல்ல வேண்டிய நிலைக்கு மாணவர்கள் ஆளாயினர்.

இணைப்புத் திட்டம்

இதற்குத் தீர்வாகச் சங்கங்கள் ஒன்றுகூடிப் பொது நியமனத் திட்டம் ஒன்றை வகுத்தன. ஒவ்வொரு மாணவரும் தாம் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்தித் தருவார். ஒவ்வொரு மருத்துவமனையும் தான் விரும்பும் மாணவர்களை அவ்வாறே வரிசைப்படுத்தித் தரும். நடுநிலையான அலுவலகம் இரண்டையும் ஒப்பிட்டு இடங்களைப் பொருத்தும்.

முதலில் முன்வைத்த கணக்கு முறையில் குறை இருந்தது. கிடைப்பதற்கு அரிய மருத்துவமனையை முதலிடத்தில் எழுதிய மாணவர், அது கிடைக்காதபோது, எளிதாகக் கிடைத்திருக்கக்கூடிய இரண்டாம் இடத்தையும் இழக்க நேரிட்டது. உண்மையான விருப்பத்தை எழுதியவருக்கே நட்டம். இதைக் கண்டறிந்து எதிர்த்தவர்கள் மாணவர்களே. ஹார்வர்டு மருத்துவ மாணவரும் பின்னாளில் குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சையில் புகழ்பெற்றவருமான ஹார்டி ஹென்ட்ரன் அவர்களுள் முன்னின்றார். சங்கங்கள் முறையைத் திருத்தின. 1952இல் முதல் பொருத்தம் நடந்தது. சுமார் 6,000 மாணவர்களுக்கு 10,000க்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தன. சேருவது கட்டாயமில்லை, எனினும் பெரும்பாலான மருத்துவமனைகளும் மாணவர்களும் சேர்ந்தனர்.

திட்டம் நிலைத்ததற்கான காரணத்தைப் பொருளியல் அறிஞர்கள் பின்னர் விளக்கினர். டேவிட் கேல், லாயிட் ஷேப்லி இருவரும் 1962இல் இத்தகைய பொருத்தங்களுக்குக் கணித முறை ஒன்றை வெளியிட்டனர். மருத்துவமனைகளின் திட்டம் அடிப்படையில் அதே முறைதான் என்று ஆல்வின் ராத் 1984இல் காட்டினார். திட்டத்தின் முடிவு வந்தபின், ஒரு மாணவரும் ஒரு மருத்துவமனையும் தமக்குக் கிடைத்ததைவிட ஒருவரையொருவர் மேலாக விரும்பும் நிலை இராது. எனவே விதியை மீறுவதில் எவருக்கும் ஆதாயமில்லை. ராத், ஷேப்லி இருவருக்கும் 2012இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து அமெரிக்காவில் மேற்பயிற்சி பெற விரும்பும் மருத்துவர்களுள் பலரும் மார்ச் மாதத்தில் எதிர்பார்த்திருப்பது இத்திட்டத்தின் முடிவைத்தான்.

நிதியும் கூட்டுக் குரலும்

1965இல் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் சட்டமானது. அதே ஆண்டில் மருத்துவக் கல்லூரிகளின் சங்கத்துக்குள் கற்பித்தல் மருத்துவமனைகளின் பேரவை அமைந்தது. பயிற்சி தரும் மருத்துவமனையில் செலவு மிகுதி. கற்றுக்கொள்பவர் கூடுதல் பரிசோதனைகள் செய்வார். கற்பிப்பவருக்கும் நேரம் செலவாகும். கடினமான நோயாளிகளும் அங்கேயே வந்து சேர்வர். 1983இல் நோயின் வகைக்கேற்ப முன்கூட்டியே வகுத்த தொகையை மெடிகேர் தரத் தொடங்கியபோது, இக்கூடுதல் செலவுக்கெனத் தனி ஈட்டுத்தொகையும் சட்டத்தில் இடம்பெற்றது. கூட்டுக் குரலுக்கும் எல்லை உண்டு. மெடிகேர் நிதியுதவி பெறும் பயிற்சி இடங்களின் எண்ணிக்கைக்கு 1997இல் நாடாளுமன்றம் உச்சவரம்பு விதித்தது.

எதிர்ப்பும் வழக்கும்

சங்கத்தின் வலிமை எப்போதும் பலவீனமானவர் பக்கம் நிற்பதில்லை. 1984இல் நியூயார்க்கில் லிபி ஸையன் என்ற 18 வயது மாணவி மருத்துவமனையில் இறந்தார். ஓய்வின்றி உழைக்கும் பயிற்சி மருத்துவர்களைப் பற்றிய விவாதம் அதன்பின் எழுந்தது. அம்மாநிலம் 1989இல் அவர்களது பணியை வாரத்துக்கு 80 மணி நேரமாக வரையறுத்தது. நாடு முழுவதற்குமான அதே வரம்பு, பயிற்சிக்குத் தர ஏற்பு வழங்கும் அமைப்பின் வழியாக 2003இல்தான் வந்தது.

2002இல் இளம் மருத்துவர்கள் சிலர், சங்கங்கள்மீதும் கற்பித்தல் மருத்துவமனைகள்மீதும் வழக்குத் தொடுத்தனர். பொது நியமனத் திட்டம் பேரம் பேசும் வாய்ப்பைப் பறித்து ஊதியத்தைத் தாழ்வாக வைத்திருக்கிறது என்பது அவர்களது வாதம். 2004இல் நாடாளுமன்றம் திட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது, வழக்கும் தள்ளுபடியானது.

மதிப்பீடு

பதிவேடு வைத்தல், குறித்த நாள்வரை காத்திருத்தல், பொது வரிசைக்குக் கட்டுப்படுதல் ஆகிய மூன்றும் மருத்துவமனைகளின் சுதந்திரத்தைச் சிறிது குறைத்தவையே. ஆனால் அக்கட்டுப்பாடுகளால்தான் அவை நம்பிக்கையைப் பெற்றன. மாணவர்கள் குறை கண்டு சொன்னபோது சங்கங்கள் செவிசாய்த்ததால் 1952ஆம் ஆண்டுத் திட்டம் நிலைத்தது. பயிற்சி மருத்துவர்களின் களைப்பைப் பற்றிய குரல் விதியாக மாறப் பல ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்தைத் தாங்கியவர்கள் எந்தச் சங்கத்திலும் வாக்கில்லாத நோயாளிகளும் இளம் மருத்துவர்களுமே ஆவர்.