ஆகார தானமும் நொய்யல் கரைத் தோட்டங்களும்

சமணம் போற்றும் தானங்கள் நான்கு. ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்பன அவை. உடல் நிலைத்தால்தான் நோன்பும் கல்வியும் நிலைக்கும் ஆதலின், ஆகார தானம் தனிச்சிறப்பு உடையதாயிற்று. அத்தானத்தின் தொடக்கத்தை ஆதிநாதரின் வரலாறு எடுத்துரைக்கிறது. கற்பக மரங்கள் வளம் குன்றிய காலத்தில் மக்கள் உயிர்வாழ வழி தேடி நின்றனர். அவர்களுக்கு வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களை ஆதிநாதர் கற்பித்தார். பின்னர் துறவு பூண்ட அப்பெருமானே ஏறத்தாழ ஓராண்டுக் காலம் உணவின்றி இருக்க நேர்ந்தது. அவர் சென்ற ஊர்களில் மக்கள் பொன்னும் மணியும் கொணர்ந்து நீட்டினரே அன்றித் துறவிக்கு உணவளிக்கும் முறையை அறிந்திலர். அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கரும்புச் சாறு வழங்கிய பின்னரே அந்நோன்பு நிறைவுற்றது. அந்நாளே அட்சய திருதியை எனக் கொண்டாடப்படுகிறது.

விளைவிக்கக் கற்றிருந்த அன்றைய மக்கள் வழங்கக் கற்றிருக்கவில்லை. இன்றைய திருப்பூரின் நிலை இதற்கு மறுதலையானது. பின்னலாடைத் தொழிலால் செழித்த இந்நகரில் வழங்கும் கைகளுக்குக் குறைவில்லை. 2020 மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தபோது, பிற மாநிலங்களிலிருந்து வந்து உழைக்கும் தொழிலாளர்க்குப் பல சமயத்தாரும் அறநிலையத்தாரும் உணவு சமைத்து அளித்தனர். ஆனால் அந்த அரிசியும் பருப்பும் பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து வரவேண்டியவை. தானத்தின் ஊற்று விளைநிலம். அந்த ஊற்றைக் காப்பது தானம் செய்வோரின் கடமையாகுமா என்னும் வினாவிற்கு இம்மண்ணின் வரலாற்றிலும் சமணத் தமிழ் நூல்களிலும் விடை உண்டு.

காரியாசான் வகுத்த ஐந்து அறங்கள்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான சிறுபஞ்சமூலத்தை இயற்றிய காரியாசான் சமணர். மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரின் மாணாக்கர். ஐந்து மூலிகைகளின் வேர் சேர்ந்து உடல்நோயைத் தீர்ப்பது போலப் பாட்டுக்கு ஐந்து பொருள் சொல்லி உள்ளநோயைத் தீர்ப்பது அந்நூல். அதன் பாடல் ஒன்று துறக்கம் புகுவார் செய்யும் செயல்களை எண்ணுகிறது. குளம் தோண்டுதல், மரம் நடுதல், வழி அமைத்தல், தரிசைத் திருத்தி உழுவயல் ஆக்குதல், கிணறு அகழ்தல் என்பனவே அவ்வைந்து.

இவ்வைந்தில் சமைத்த சோற்றை வழங்குதல் இடம்பெறவில்லை. சோறு விளைவதற்கு வேண்டிய நீரும் நிழலும் நிலமும் வழியுமே அறமாகக் கூறப்பட்டுள்ளன. இவற்றுள் எதுவும் ஒருவர் தமக்கென மட்டும் செய்துகொள்ளும் பணி அன்று. ஊரார் கூடி உழைத்து, ஊரார் அனைவரும் பயன் கொள்ளும் பணிகள் இவை. இக்காலத்தில் தன்னார்வத் தொண்டு என்று சொல்லப்படுவதைக் காரியாசான் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறத்தின் வரிசையில் வைத்தார்.

கொங்கில் தோட்டம் என்னும் சொல்

கொங்கு நாடு சமணத்திற்குப் புதிதன்று. திருப்பூரை அடுத்த விசயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயில் உள்ளது. நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊராகப் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் கருதப்படுகிறது. இவ்வூர்களைச் சூழ்ந்த நிலம் மழை மறைவுப் பகுதி. அந்நிலத்தைக் கொங்கு மக்கள் காடு, தோட்டம் என இரண்டாகப் பகுத்தனர். வானம் பார்த்த நிலம் காடு. கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம். பிற பகுதிகளில் பூவும் காயும் வளர்க்கும் இடமாகவே பொருள்படும் ‘தோட்டம்’, இங்கு மனித உழைப்பால் நீர் கண்ட நிலத்தின் பெயராயிற்று. பாறை உடைத்துக் கிணறு வெட்டி, கவலை பூட்டி மாடுகளைக் கொண்டு நீர் இறைத்து உண்டாக்கியவை அவை. கம்பு, சோளம், ராகி ஆகியவற்றோடு வரப்போரத்து அவரையும் துவரையும் சேர்ந்தே ஒரு குடும்பத்தின் ஆண்டுணவு அமைந்தது.

இந்த உழைப்பும் தோற்ற காலம் ஒன்று உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம், அன்று கோயம்புத்தூர் மாவட்டமாக இருந்த இப்பகுதியைக் கடுமையாகத் தாக்கியது. மழை பொய்த்துக் கிணறும் வற்றியபோது, கையில் பொருள் இருந்தோரும் தானியம் கிடைக்காமல் அல்லலுற்றனர். கொங்கு நாட்டுக் கும்மிப் பாடல்களில் அப்பஞ்சம் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

ஆறு தந்ததும் ஆறு இழந்ததும்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்பது பழம்பெயர். அதன் நெடுகிலும் முன்னோர் அணைக்கட்டுகளும் குளங்களும் அமைத்து, வெள்ள நீரைத் தேக்கி நிலத்தடி நீரைக் காத்தனர். இருபதாம் நூற்றாண்டில் பருத்திச் சந்தையாகவும் கதர் மையமாகவும் பெயர்பெற்ற திருப்பூர், பின்னர்ப் பனியன் நகரமாகி, 1970-களின் இறுதியிலிருந்து ஏற்றுமதியில் உலகறிந்த ஊராயிற்று. இலட்சக்கணக்கானோருக்கு அத்தொழில் சோறிட்டது. அதே வேளையில் சாயக் கழிவு நொய்யலில் கலந்தது. தோட்டக் கிணறுகளின் நீர் லாரிகளில் சாயப்பட்டறைகளுக்குச் சென்றது. 1992-இல் பாசனத்திற்காக எழுப்பப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர் தேங்கும் இடமாக மாறியது. அதன் கீழுள்ள வயல்களில் உப்பேறிப் பயிர் கருகியது.

ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். நீண்ட வழக்கின் முடிவில், 2011 சனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையை ஏற்ற பின்னரே ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. தொழிலும் உழவும் ஒரே நீரை நம்பி வாழ்கின்றன என்னும் உண்மையை இந்நகரம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

கற்ற பாடம் தொண்டாகவும் மலர்ந்தது. 2015-இல் ‘வெற்றி’ அமைப்பினர் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம், தொழிலதிபர்கள், உழவர்கள், மாணவர்கள் எனப் பலரையும் இணைத்து இலட்சக்கணக்கான மரக்கன்றுகளை நட்டு வளர்த்து வருகிறது. நகரின் விளிம்பிலுள்ள நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. காரியாசான் எண்ணிய ஐந்தில் குளமும் மரமும் இவ்வாறு மீண்டும் கவனம் பெற்றன. எஞ்சி நிற்பது உழுவயல்.

புல்வெளியில் விளைந்த கோதுமை

உணவு நெருக்கடி வந்த காலங்களில் நகர மக்களும் மண்ணைத் தொட்டதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டு முற்றங்களும் பூங்காக்களும் காய்கறித் தோட்டங்கள் ஆயின. சோவியத் ஒன்றியம் சிதைந்து இறக்குமதி நின்றபோது, கியூபாவின் அவானா நகரத்தார் காலி மனைகளில் காய்கறி விளைவித்தனர். 1965-இல் இந்தியாவில் தானியம் குறைந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாத்திரி திங்கட்கிழமை இரவு உணவைத் தவிர்க்குமாறு மக்களை வேண்டினார். அப்போதைய உணவு அமைச்சர் கொங்கு மண்ணின் மைந்தர் சி. சுப்பிரமணியம். அவர் தில்லியில் தம் அரசு இல்லத்துப் புல்வெளியை உழுது புதிய வகைக் கோதுமையை விதைத்துக் காட்டினார். ஒருவர் நோன்பையும் மற்றவர் உழவையும் நாட்டின்முன் வைத்தனர். நோன்பை நன்கறிந்த சமணச் சமூகத்திற்கு இரண்டாவது பாதியும் உரியதே.

உயிர் ஓம்பும் உழவு

மண்ணைக் கிளறினால் சிற்றுயிர் மடியுமே என்னும் தயக்கம் சமண இல்லறத்தார்க்கு எழுவது இயல்பு. மண், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களைப் பேசும் சமயம் இது. ஆயினும் இல்லறத்தார் அறம், வேண்டுமென்றே செய்யும் கொலையை முற்றும் விலக்கித் தொழில்வழி நேரும் இன்னாமையை இயன்றவரை குறைக்கச் சொல்கிறது. திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில் தமிழ்ச் சமணர் பலர் தலைமுறை தலைமுறையாக உழுதே வாழ்ந்து வருகின்றனர். உழாதவர் உண்ணும் சோற்றிலும் உழவின் பங்கு உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. தம் கையால் வளர்ப்பவர் நஞ்சு தெளிக்காமல், மூடாக்கு இட்டு, மண்ணை அடிக்கடி கிளறாமல் பயிர் செய்ய இயலும்.

அவரை, பீர்க்கை, புடலை, சுரை, கீரை ஆகியவை சமண உணவு நெறிக்கு இசைந்தவை. கிழங்கு அகழும் தேவை இல்லாத இப்பயிர்கள் மாடித் தோட்டத்திற்கும் ஏற்றவை. காங்கயம், உடுமலைப் பகுதிகளின் தென்னைநார்க் கழிவு, மட்கிய தொழுவுரத்தோடு கலந்தால் எடை குறைந்த வளர்ப்பு ஊடகம் ஆகும். நொய்யல் படுகையில் பல கிணறுகள் இன்னும் உவர்ப்பாக இருப்பதால், நீரைச் சோதித்த பின்னரே பாய்ச்ச வேண்டும். மழைநீர்ச் சேமிப்பு அதற்குத் துணை நிற்கும். ஆலை வளாகத்தின் வெற்றிடம், பள்ளியின் பின்புறம், தொழிலாளர் விடுதியின் மாடி, அறநிலையத்தின் காலி மனை ஆகிய இடங்களில் வாரத்திற்கு இரண்டு மணி நேரம் தருவோர் பத்துப் பேர் இருந்தால் ஒரு தோட்டம் நிலைபெறும். அதன் விளைச்சல் ஒரு நகரத்தின் பசியை ஆற்றாது. ஆயினும் விடுதியில் தங்கிச் சோறும் குழம்புமாக நாள் கழிக்கும் தொழிலாளியின் தட்டில் ஒரு கீரை கூடும். தம் மாநிலத்தில் உழவராயிருந்து இங்குத் தையற்பொறி முன் அமர்ந்திருப்பவர் பலர்; அவர்களே அத்தோட்டங்களில் ஆசிரியராகவும் விளங்கக்கூடும்.

சிரேயாம்சன் வழங்கிய சாற்றுக்குப் பின்னால் கரும்பு விளைந்த வயல் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் அன்னதானத்திற்கு நிதி ஒதுக்கும் அறநிலையங்கள் அதில் ஒரு சிறு பங்கை விதைக்கும் கிணற்றுக்கும் ஒதுக்கினால், ஆதிநாதர் கற்பித்த உழவும் சிரேயாம்சன் கற்பித்த ஈகையும் நொய்யல் கரையில் ஒன்றுசேரும்.